அச்சேறிய குரல்: லின்டன் க்வேசி ஜோன்சனும் அவரது விமர்சகர்களும்

கவியரங்குகளுக்குப் போய்ப் பழகியவர்கள் ஒரு தீர்ப்பை அடிக்கடி கேட்டிருப்பார்கள். "மேடையில கேக்கக்குள்ள நல்லாத்தான் இருந்த. புத்தகமா வந்த பிறகு பார்த்தா ஒண்டுமில்ல." இதைச் சொல்பவர் பெரும்பாலும் கவிஞரின் நண்பராகவே இருப்பார்; புத்தகத்தைக் காசு கொடுக்காமல் பெற்றுக்கொண்டவராகவும் இருப்பார். தீர்ப்பு சில வேளை சரியாகவே இருக்கும். ஆனால் பெரும்பாலும் அது ஆராயாமல் சொல்லப்படுவது. அந்தப் புத்தகத்தில் குரல் எவ்வாறு எழுத்தாக்கப்பட்டிருக்கிறது, வாசித்தவர் வாய்விட்டு வாசித்தாரா அல்லது கண்ணால் மேய்ந்துவிட்டு மூடிவைத்தாரா என்றெல்லாம் எவரும் கேட்பதில்லை.

இதே தீர்ப்பை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்து வருபவர் லின்டன் க்வேசி ஜோன்சன். யமேக்காவில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். ரெகே இசையின் தாளத்தோடு கவிதை சொல்பவர் என்று உலகம் அறிந்தவர். 2002 இல் பெங்குவின் பதிப்பகம் தனது நவீன செவ்வியல் வரிசையில் அவரது தெரிந்தெடுத்த கவிதைகளை வெளியிட்டது. உயிரோடிருக்கும்போதே அவ்வரிசையில் இடம்பெற்ற இரண்டாவது கவிஞர் அவர். முதலாமவர் போலந்தின் செஸ்லாவ் மிலோஷ். கறுப்பினக் கவிஞர்களுள் அவரே முதல்வர். இவர் கவிஞரா பாடகரா, பாட்டுக்காரருக்கு இந்த வரிசையில் என்ன வேலை என்ற பழைய கேள்வி அப்போது புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தது. 2020 இல் அவருக்குப் பென் பின்டர் பரிசு கிடைத்தது. கேள்வி முற்றாக ஓய்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

அந்தக் கேள்வியே பிழையானது என்பது எனது கருத்து. இசை இல்லாமல், குரல் இல்லாமல் இக்கவிதை நிற்குமா என்றுதான் விமர்சகர்கள் பரிசோதித்தார்கள். அச்சுக்கு வந்தபோது அக்கவிதை பக்கத்தில் என்ன செய்கிறது என்பதை மிகச் சிலரே பார்த்தார்கள். தூற்றியவர்கள் மட்டுமல்லர், போற்றியவர்களும் பார்க்கவில்லை.

ஜோன்சன் 1952 இல் யமேக்காவின் கிளாரண்டன் பகுதியிலுள்ள சப்பல்டன் என்ற ஊரில் பிறந்தார். பாட்டியிடம் வளர்ந்தவர். பாட்டிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பேரன்தான் அவருக்குப் பைபிளைப் படித்துக் காட்டுவான். ஒரு சிறுவன் தனக்கு முன்னால் இருக்கும் ஒருவரின் காதுக்காக ஒரு பக்கத்தைக் குரலாக்குகிறான். பிற்காலத்து ஜோன்சனின் தொழில் முழுதும் இதற்குள் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். 1963 இல் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதிக்குத் தாயிடம் வந்து சேர்ந்தார். பாடசாலை நாட்களிலேயே பிரித்தானியக் கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தோடு தொடர்பு ஏற்பட்டது. அங்கே கையில் கிடைத்த டபிள்யூ. ஈ. பி. டு பொய்ஸின் நூல்தான் தன்னைக் கவிதையின் பக்கம் திருப்பியது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் சமூகவியல் படித்தார்.

இனி ஆண்டுகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முதல் நூலை 1974 இல் 'ரேஸ் டுடே' இதழ்க் குழுவினர் வெளியிட்டார்கள். இரண்டாவது நூல் 'ட்ரெட் பீட் அன் பிளட்' 1975 இல் போகிள் லூவெர்ச்சர் பதிப்பகத்தால் வந்தது. அதே பெயரில் இசைத்தட்டு வந்தது 1978 இல்தான். அதாவது இசைத்தட்டில் புகழ்பெற்றுவிட்டுப் பின்னர் பாட்டுகளை அச்சடித்துக்கொண்ட ஆளல்ல அவர். கவிதை முதலில், டெனிஸ் போவெலின் வாத்தியக் குழு பின்னால். 1996 இல் வாத்தியமே இல்லாமல் வெறுங்குரலில் கவிதை சொல்லும் இறுவட்டு ஒன்றையும் வெளியிட்டார். இவ்வளவும் தெரிந்த பிறகும் 'பாடகர்' என்று முத்திரை குத்துவது சோம்பல்.

அவர் எழுதும் மொழி யமேக்காவின் பேச்சுமொழி. அதற்கு முன்னால் அந்த மொழி பட்ட பாட்டைச் சொல்லாமல் ஜோன்சனுக்கு வர முடியாது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் வாயில் ஆங்கிலம் புகுந்து, அவர்களது மூலமொழிகளின் இலக்கணத்தோடு கலந்து பிறந்த மொழி அது. அதற்கென்று ஒழுங்கு உண்டு. வினைச்சொல் கால விகுதி ஏற்காது. வேறொரு சிறு சொல் முன்னே நின்று காலத்தைச் சொல்லும். எழுவாயாக வந்தாலும் செயப்படுபொருளாக வந்தாலும் 'மி' என்ற ஒரே சொல்தான். ஆனால் பாடசாலையில் அதற்குப் பெயர் உடைந்த ஆங்கிலம். வாத்திமார் அதைத் திருத்தினார்கள். பெற்றோர் அதற்காகப் பிள்ளைகளை அடித்தார்கள்.

இந்த மொழியைத் துணிந்து மேடைக்கும் பத்திரிகைக்கும் கொண்டுவந்தவர் லூயிஸ் பெனற் என்ற பெண்மணி (1919 - 2006). டிராம் வண்டியில் ஏறிய போது, நன்றாக உடுத்திவந்த தன்னைப் பக்கத்தில் இருக்கவிடாமல் தடுக்க, சந்தைக்காரப் பெண் ஒருத்தி தன் கூட்டாளிகளைப் பார்த்து இடத்தை அடைத்துப் பரந்து உட்காரும்படி தங்கள் பேச்சில் சொன்னாள். அந்தப் பேச்சே தன் முதல் பேச்சுமொழிக் கவிதைக்குக் காரணம் என்பது பெனற் சொல்லிவந்த கதை. 1940களில் இருந்து யமேக்கா மக்கள் அவரைக் கேட்டார்கள், சிரித்தார்கள், மனப்பாடம் செய்தார்கள். ஆனால் நாட்டின் கவிதை அமைப்புகள் அவரைக் கவிஞராகக் கணக்கெடுக்கவில்லை. பலகாலம் அவர் நகைச்சுவைக்காரி மட்டுமே.

1960களின் நடுப்பகுதிக்குச் சற்று முன்னர் மேர்வின் மொறிஸ் என்ற இளம் விமர்சகர் ஒரு கட்டுரை எழுதினார். லூயிஸ் பெனற்றை வாசிப்பது பற்றியது. தலைப்பின் கடைசியில் காற்புள்ளி போட்டு 'கருத்தூன்றி' என்று பொருள்படும் ஒரு சொல்லை வைத்தார். அந்தக் காற்புள்ளிக்குள் ஒரு சண்டை இருக்கிறது. கட்டுரையின் சிறப்பு என்னவென்றால், மொறிஸ் பெனற்றைத் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. எந்தக் கவிதையில் பாத்திரத்தின் குரல் கச்சிதமாக விழுந்திருக்கிறது, எது அன்றைய செய்தியோடு காலாவதியாகிவிட்டது என்று கவிதை கவிதையாகப் பிரித்துப் பார்த்தார். மரியாதை என்பது அதுதான். கிராமத்து ஆளின் கவிதை என்று தோளில் தட்டி அனுப்பிவிடுவதில் மரியாதை இல்லை. பின்னாளில் பெனற்றின் தெரிந்தெடுத்த கவிதைகளை 1982 இல் பதிப்பித்தவரும் அவரே. 2014 இல் நாட்டின் அரசவைக் கவிஞராகவும் ஆனார்.

இன்னொரு பெரியவர் பார்படோஸின் கமாவ் பிராத்வெயிட். கிளைமொழி என்ற சொல்லே தாழ்வுபடுத்துகிறது என்று கருதி 'தேசமொழி' என்று அவர் பெயரிட்டார். அந்தக் கவிதைகளில் ஓசை பொருளின் ஒரு பகுதி, ஓசையை விட்டால் பொருளில் ஒரு பங்கு போய்விடும் என்பது அவரது வாதம். இது உண்மை. ஆனால் இதையே பிடித்துக்கொண்டு பலர், அப்படியென்றால் அச்சு என்பது வெறும் எலும்புக்கூடு என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஜோன்சனின் விடயத்தில் இம்முடிவு பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பதற்கு அவரது எழுத்துக்கூட்டலைப் பார்க்க வேண்டும். ஆங்கிலச் சொற்களை அவர் அகராதிப்படி எழுதுவதில்லை. யமேக்கா நாக்கு எப்படிச் சொல்லுமோ அப்படி எழுதுகிறார். முதன்முதலில் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது எந்த மொழி என்றே புரியாது. கண்ணால் வாசிக்க முடியாது. உதட்டை அசைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, வாயில் ஒலி வந்த பிறகுதான் 'அட, இந்தச் சொல்லா!' என்று விளங்கும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவன்தான் அதிகம் தடக்குப்படுவான். ஓர் ஆங்கிலேய வாசகன் தன் சொந்த மொழியில் முதலாம் வகுப்புப் பிள்ளையாகி எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கிறது. மேடையில் இது நடக்காது. பக்கத்தில்தான் நடக்கும்.

நமது வாசகர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் மூதாட்டிமார் மாலைகளையும் முனாஜாத்துகளையும் கிஸ்ஸாக்களையும் அறபுத் தமிழில் வாசித்தார்கள். அறபியில் இல்லாத ப, ட, ங, ஞ, ண, ள போன்ற ஒலிகளுக்காக எழுத்துகளில் புள்ளிகள் சேர்த்தார்கள். எழுத்து நாக்குக்காக வளைந்தது. ஒருவர் இராகமெடுத்து வாசிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள். ஏடு மௌனமாக வாசிப்பதற்கென்று எழுதப்படவே இல்லை. குர்ஆன் மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு, இவ்விடத்தில் நிறுத்து, இவ்விடத்தில் தொடர் என்று சொல்லும் சிறு குறிகளும் பழக்கமானவை. வேதத்தை மனிதக் கவிதையோடு ஒப்பிடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணும் நாக்கும் காதும் சேர்ந்து ஒரு பக்கத்தை வாசிக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதற்காக மட்டும் சொல்கிறேன். அச்சு வந்தால் குரல் செத்துவிடும் என்ற கருத்து, மௌனமாக வாசிப்பதே வாசிப்பு என்று நம்புகிறவர்களின் கருத்து.

இன்னும் ஒருபடி மேலே போகலாம். பெங்குவின் நூலின் பெயர் 'மி ரெவலூஷனரி ஃப்ரென்', புரட்சிக்கார நண்பனே என்று பொருள். காதால் கேட்டால் அவ்வளவுதான். ஆனால் ஜோன்சன் 'புரட்சிக்கார' என்ற சொல்லை எழுதியிருக்கும் விதத்தில் அதன் நடுவே 'வெல்யூ', அதாவது மதிப்பு என்ற ஆங்கிலச் சொல் முழுதாக உட்கார்ந்திருக்கிறது. முன்னெழுத்துகளையும் சேர்த்துப் பார்த்தால் 'மறுமதிப்பீடு' என்றே வாசிக்கலாம். சோவியத் முகாமின் சரிவுக்குப் பின்னர், பழைய புரட்சிகளை எப்படி மதிப்பிடுவது என்று இரு நண்பர்கள் விவாதிக்கும் கவிதையின் பெயர் அது. அப்படியானால் அந்த எழுத்துக்கூட்டல் வெறும் உச்சரிப்புக் குறிப்பல்ல. அதேபோல 1981 இன் தீவிபத்தைப் பற்றிய கவிதையின் தலைப்பில் 'படுகொலை' என்ற சொல்லை எழுதும்போது, அடிமைகள் எசமானை அழைத்த 'மாஸா' என்ற சொல் அதன் தலைப்பகுதியாக அமைந்துவிடுகிறது. எண்ணி வைத்தாரோ கைபோன போக்கில் விழுந்ததோ, பக்கத்தில் அது இருக்கிறது. காதுக்கு எட்டாத அல்லது எட்டியும் நழுவிவிடக்கூடிய ஒன்று கண்ணுக்கு அகப்படுகிறது. மேடையில் இருந்து பக்கத்துக்கு வரும்போது இழப்பு மட்டுமே உண்டு என்று சொன்ன விமர்சகர்கள் இந்த வரவைக் கணக்கில் எழுதவில்லை.

அவர்கள் எழுதியது வேறு. 1980களின் தொடக்கத்தில் 'ஸ்பெக்டேட்டர்' வார இதழில் வந்த ஒரு குற்றச்சாட்டு பிரசித்தமானது. ஜோன்சனின் எழுத்துக்கூட்டல் பாடசாலைகளைப் பாழாக்கிவிட்டது, கலகக்காரரும் எழுத்தறிவற்றோருமான ஒரு தலைமுறையை உண்டாக்க உதவியது என்பது அதன் சாரம். வாத்தியார் என்ற முறையில் இதைப் படித்துச் சிரித்தேன். ஒரு பிள்ளை எழுத்துப் பிழைவிடுவதற்குக் கவிதை காரணமாக இருக்குமானால், எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் எத்தனையோ கவிதைப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர்களாக இருக்க வேண்டும். ஆனால் சிரித்துவிட்டுப் போகவும் முடியவில்லை. இது விமர்சனம் என்ற பெயரில் வந்த பொலிஸ் வாக்குமூலம். கவிதையில் நெருப்பு என்று இருந்தால் கவிஞன் கையில் நெருப்புப் பெட்டி இருந்தது என்று எழுதிக்கொள்ளும் வாசிப்பு. நமது நாட்டில் இந்த வாசிப்பு ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கண்டோம். மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம், 2017 இல் வெளியிட்ட 'நவரசம்' கவிதைத் தொகுதியைக் காரணம் காட்டி 2020 மே மாதத்தில் கைதுசெய்யப்பட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டு, 2021 டிசம்பரில்தான் பிணையில் வெளியே வந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கவிதை வாசிக்கத் தெரியாதவர்கள் கவிதைக்கு முதல் விமர்சகர்களாக வந்து அமர்ந்ததன் விலை அது.

ஜோன்சனுக்கு வருவோம். அவரது மிகச் சிறந்த கவிதை எது என்று கேட்டால் 'சன்னியின் கடிதம்' என்பேன். 1979 இல் இசைத்தட்டிலும் 1980 இல் நூலிலும் வந்தது. (அந்த 1980 நூலின் பெயர் இங்கிலாந்தை ஒரு வசைச்சொல்லால் அழைப்பது, இவ்விதழில் எழுதக் கூச்சமாக இருக்கிறது.) அக்காலத்து இங்கிலாந்தில் 1824 ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. குற்றம் செய்யும் எண்ணத்தோடு நிற்கிறான் என்று பொலிஸார் சந்தேகித்தாலே ஒருவனைப் பிடித்துக் குற்றஞ்சாட்டலாம். பிடிபட்டவர்களில் கறுப்பின இளைஞர்களே மிகுதி. 1981 இல் அது நீக்கப்பட்டது.

கவிதை ஒரு கடிதம். பிரிக்ஸ்டன் சிறைச்சாலையில் இருந்து மகன் தாய்க்கு எழுதுகிறான். பக்கத்தில் முகவரி முகவரியாகவே அச்சாகியிருக்கிறது. சுகம் விசாரிக்கும் சம்பிரதாய வார்த்தைகள் வருகின்றன. தம்பி ஜிம்மைப் பார்த்துக்கொள்வேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமற்போனதைச் சொல்லத் தயங்குகிறான். பிறகு நடந்தது வருகிறது. வேலைவிட்டு எல்லாரும் வீடுபோகும் நேரம், பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், பொலிஸ் வண்டி வந்து நிற்கிறது, மூவர் இறங்குகிறார்கள், தம்பியைப் பிடிக்கிறார்கள், அடிக்கிறார்கள். அவ்விடத்தில் வரிகள் சட்டென்று குறுகிவிடுகின்றன. ஒரு வரியில் இரண்டு மூன்று சொற்கள். ஒவ்வொரு வரியும் ஓர் அடி. அண்ணன் திருப்பி அடிக்கிறான். ஒரு பொலிஸ்காரன் விழுந்து மோதிச் செத்துப்போகிறான். தம்பிக்குச் சந்தேகக் குற்றச்சாட்டு, அண்ணனுக்குக் கொலைக் குற்றச்சாட்டு. உடனே மொழி மீண்டும் கடிதத்தின் பணிவுக்குத் திரும்புகிறது. கவலைப்பட வேண்டாம் என்று தாயைத் தேற்றுகிறான். மகன் என்று கையொப்பமிடுகிறான்.

இசைத்தட்டில் இதைக் கேட்டால் ஹார்மோனிக்காவின் அழுகை நெஞ்சைப் பிசையும். ஆனால் அதிலே இது கடிதம் என்பது சற்று நேரத்தில் மறந்துவிடும்; ஒரு மனிதன் நம் முன்னே பேசுகிறான் என்றுதான் தோன்றும். பக்கத்தில் மறக்காது. முகவரி மேலே நிற்கிறது, கையொப்பம் கீழே நிற்கிறது, நடுவிலே இரத்தம் இருக்கிறது. தபாற்காரன் கொண்டுவந்து கொடுக்க, அதைக் கையில் வைத்திருக்கும் தாயின் இடத்தில் வாசகன் நிற்க வேண்டியிருக்கிறது. அந்தத் தாய்க்கு வாசிக்கத் தெரியுமா? பேரப்பிள்ளை யாரேனும் படித்துக் காட்டினானா? கவிதை சொல்லவில்லை. பாட்டிக்குப் பைபிள் படித்த பையன் எழுதிய கவிதை என்பதால் எனக்கு அந்தக் கேள்வி வருகிறது.

1981 ஜனவரி 18 ஆம் திகதி லண்டன் நியூகுரோஸ் வீதியில் ஒரு பிறந்தநாள் விருந்தின்போது வீடு தீப்பற்றியது. பதின்மூன்று கறுப்பின இளையோர் மாண்டார்கள். இனவெறித் தாக்குதல் என்று சமூகம் நம்பியது. மரண விசாரணைகள் 1981 இலும் 2004 இலும் தீர்மானமில்லாத முடிவோடு நின்றுவிட்டன. இதைப் பற்றிய கவிதையில் ஜோன்சன் செய்திருப்பது பயங்கரமான ஒரு காரியம். விருந்துக்கு வருவதும் போவதும் ஆடுவதும் துள்ளலான சிறு வரிகளில் வருகின்றன. பிறகு நெருப்பும் புகையும் ஓட்டமும் அதே அளவுள்ள வரிகளில், அதே துள்ளலில் வருகின்றன. தாளம் மாறவில்லை; சொற்கள் மட்டும் மாறிவிட்டன. ஆடிய கால்களே ஓடுகின்றன. இடையிடையே தாளத்தை நிறுத்தி, ஊராரைப் பார்த்து, நினைவிருக்கிறதா என்று கேட்கும் பேச்சு நடை. கேட்பவனை இசை இழுத்துக்கொண்டு போய்விடும். வாசிப்பவன் பக்கத்தைத் திருப்பி விருந்தையும் தீயையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். நான் அப்படிப் பார்த்தபோதுதான் அந்த ஒற்றுமை பிடிபட்டது. எத்தனை முறை கேட்டிருந்தேன், காதுக்கு அது தப்பிவிட்டது.

எல்லாம் இப்படி என்று சொல்லமாட்டேன். 1975 நூலில் பொது ஆங்கிலமும் யமேக்கா மொழியும் ஒன்றுக்கொன்று இடம்விடாமல் முட்டிக்கொள்கின்றன. இரத்தம், தீ, அச்சம் என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்து கூர் மழுங்கிப்போகின்றன. பிராட்ஃபோர்டில் செய்யாத குற்றத்துக்குச் சிறைசென்ற ஜோர்ஜ் லின்டோவை விடுவிக்கக் கோரி எழுதிய கவிதை, ஊர்வலத்தில் அதன் வேலையைச் செய்தது. அந்த மனிதர் விடுதலையும் ஆனார். ஆனால் பக்கத்தில் அது ஊர்வலம் போன பிறகு மதிலில் எஞ்சியிருக்கும் சுவரொட்டி. இதைச் சொன்னால் ஜோன்சனின் அபிமானிகளுக்குக் கோபம் வரும். அவர்களில் பலர் அவரைக் 'கறுப்பு பிரித்தானியாவின் குரல்' என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு கவிதையையும் அந்த ஆண்டின் பத்திரிகைச் செய்தியோடு பொருத்திக் காட்டுவதோடு நின்றுகொள்பவர்கள். ஆண்டு, இடம், இறந்தோர் தொகை, கவிதை. சன்னியின் கடிதத்தைச் சட்ட நீக்கப் போராட்டத்தின் ஆவணமாகவே வாசிக்கிறார்கள். சட்டம் போய்விட்டது, கவிதை ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. எதிரிகள் கலகக்காரன் என்றார்கள், நண்பர்கள் சாட்சி என்றார்கள். இரண்டுமே நீதிமன்றத்துச் சொற்கள். 1982 இல் இறந்த தந்தைக்காக ஜோன்சன் பாடிய கையறுநிலைக் கவிதை இந்த இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காது என்பதாலோ என்னவோ அது பற்றி அதிகம் பேச்சில்லை. ஏழைத் தகப்பன் ஒருவனை, போய்வாருங்கள் என்று ஒரு பல்லவியால் வழியனுப்பி வைத்துக்கொண்டே, மகன் பிறந்த நாட்டின் பாழ்நிலையைக் கண்ணால் காணும் கவிதை. பெங்குவின் நூலைக் கையில் எடுப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

ஆற்றுகைக் கவிஞர் என்ற ஒரே சாக்கில் எல்லாரையும் போட்டுக் கட்டுவதும் தவறு. மைக்கல் ஸ்மித் என்ற யமேக்கக் கவிஞரைப் பாருங்கள். 1954 இல் பிறந்து 1983 ஆகஸ்டில் கல்லெறிந்து கொல்லப்பட்டவர். அவரது இசைத்தட்டு 1982 இல் வந்தது. குரலை இழுத்து, உறுமி, உடைத்து, ஒரு சொல்லை ஒரு தெருவின் நீளத்துக்கு நீட்டிவிடுவார். அவரது நூல் 1986 இல், இறந்து மூன்று ஆண்டுகள் கழிந்து வந்தது. பதிப்பித்தவர் மறுபடியும் மேர்வின் மொறிஸ்தான். ஓர் ஆற்றுகையை அச்சுக்குக் கொண்டுவருவதன் சிக்கல்களை அவர் தனிக் கட்டுரையாகவும் எழுதினார். எங்கே வரியை முறிப்பது, நீட்டிய உயிரெழுத்தை எத்தனை முறை அச்சடிப்பது, ஒரே கவிதையை இரண்டு மேடையில் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தால் எதை எடுப்பது? ஸ்மித்தின் பக்கத்தை இசைத்தட்டைக் கேட்டவன்தான் முழுதாக வாசிக்க முடியும். ஜோன்சனின் பக்கம் அப்படியல்ல. அவர் தாளத்தைத் தானே வரிக்குள் கட்டிவைத்திருக்கிறார். இசைத்தட்டை ஒருபோதும் கேளாத ஒருவன் எழுத்துக்கூட்டி வாசித்தால், மூன்றாம் பக்கத்தில் அவன் தலை தானாக ஆடும். இருவரும் மேடைக் கவிஞர்கள்தாம். ஆனால் ஒருவரின் நூல் நினைவுப் பிரதி, மற்றவரின் நூல் முதற்பிரதி. இந்த வேறுபாட்டைப் பிடிக்காத விமர்சனத்துக்குப் பயன் குறைவு.

விமர்சகர்களுக்கு ஜோன்சன் கவிதையிலேயே ஒரு பதில் சொன்னார். ஒக்ஸ்போர்டு வெளியிட்ட இருபதாம் நூற்றாண்டுக் கவிதைக் கைநூலில், இத்தகைய கவிதை இல்லாமைக்கான மிகை ஈடுகட்டல் என்று விவரிக்கப்பட்டிருப்பதை எடுத்துத் தன் கவிதையின் முகப்பில் வைத்துக்கொண்டார். பிறகு, நான் மட்டும் முதல்தரக் கவிஞனாக இருந்திருந்தால் எப்படியெப்படி எழுதியிருப்பேன் என்று அடக்க ஒடுக்கமாகச் சொல்லத் தொடங்குகிறார். டெரெக் வொல்கொட், ஒகிக்போ, எலியட் என்று பெயர்கள் வருகின்றன. எழுத முடியாது என்று சொல்லிச் சொல்லியே எழுதிவிடுகிறார். அவையடக்கம் பாடிக்கொண்டே அவையை அடக்கும் வித்தை நம் புலவர்களுக்கும் தெரிந்ததுதான்.

2018 இல் இந்தச் சண்டை வேறொரு வடிவில் வந்தது. 'பி.என். ரிவியூ' இதழில் ரெபெக்கா வாட்ஸ் என்ற கவிஞர், ஹொலி மக்நிஷ் முதலிய இளைய மேடைக் கவிஞர்களை முன்வைத்து, உண்மையாகப் பேசுவதையே கவிதை என்று கொண்டாடிக் கைவினையைக் கைவிட்டுவிட்டோம் என்று எழுதினார். பெரிய இரைச்சல் எழுந்தது. கைவினையைக் கேட்பது நியாயம், நானும் கேட்பேன். மேடைக்குப் போனவர்களிடம் கைவினை இராது என்று முன்கூட்டியே எண்ணிக்கொண்டால்தான் தகராறு. ஜோன்சனை வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் ஒரு கவிதைக்கும் தாக்குப்பிடிக்காது.

நம்மிடையே 1960களின் தொடக்கத்தில் மரபுப் போராட்டம் நடந்தபோது, சாதாரண மக்களின் பேச்சை எழுதியவர்களை 'இழிசனர்' வழக்கு எழுதுகிறார்கள் என்று சாடினார்கள். சிறுகதையும் நாவலும் அந்தச் சண்டையில் வென்றுவிட்டன. உம்மாவும் ராத்தாவும் மாமியும் கதைகளில் தங்கள் பேச்சிலேயே பேசுகிறார்கள். கவிதையில் நிலைமை அவ்வளவு தெளிவில்லை. 'வாறன்', 'போறன்' என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்த கவிஞர் தாளை எடுத்ததும் 'வருகின்றேன்' என்கிறார். நாட்டார் கவியில் நம் பெண்கள் அப்படிச் செய்யவில்லை. கவியரங்கில் கைதட்டு வாங்கும் வரி பெரும்பாலும் பேச்சோசையோடு வரும் வரிதான். அச்சுக்குக் கொடுக்கும்போது அதைத்தான் முதலில் திருத்துகிறார்கள். பிறகு, புத்தகத்தில் ஒண்டுமில்ல என்ற தீர்ப்பு வருகிறது.

சன்னியின் கடிதத்தைத் தமிழாக்க நானும் சில மாதங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தொடக்கம் சிரமமில்லை. நலம், நலமறிய அவா என்று எழுதிப் பழகிய தலைமுறை இன்னும் இருக்கிறது. சிறைக்குள்ளிருந்தும் அந்தச் சம்பிரதாயத்தோடுதான் ஒரு மகன் தொடங்குவான். அடிதடியின் குறுவரிகளுக்கு எங்களூர்ப் பேச்சு நன்றாகவே ஈடுகொடுக்கிறது. எந்த எழுத்துக்கூட்டலில் அதை எழுதுவது என்பதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. தம்பி மீது சுமத்தப்பட்ட அந்தச் சந்தேகக் குற்றச்சாட்டுக்குத்தான் ஆங்கிலத்தில் ஒரே அசையுள்ள ஒரு கொச்சைச் சொல்லை ஜோன்சன் வைத்திருக்கிறார். பிறநாட்டுப் பதிப்புகளில் அதற்கு அடிக்குறிப்பு வேண்டியிருக்கும். தமிழில் நான் அதற்கு எழுதியிருப்பது 'சந்தேகத்தின் பேரில்'. படித்துக் காட்டியபோது என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவர்கூட விளக்கம் கேட்கவில்லை.